ஆளுக்குத் தக்க கேக்



நெருங்கிய தோழியின் பிறந்தநாளுக்குப் பூவும் பொம்மையும் பெயரும் வைத்து வீட்டிலேயே அலங்காரக் கேக் செய்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். அந்தக் கேக் வந்த வழியைக் கொஞ்சம் பாருங்கள்.

1746-இல் ஜெர்மனியில் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் பிறந்தநாளில், வயதுக்கு ஒன்றாக மெழுகுவத்தி ஏற்றிய பெரிய கேக் வைத்தார்கள். மெழுகுவத்திக் கேக் பற்றி எழுத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் இது ஒன்று.

அடுத்த கதை இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்தது. ஆல்ஃபிரட் பர்ட் என்பவர் அங்கே மருந்துக்கடை வைத்திருந்தார். அவர் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. மனைவிக்காகவே 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-இல் பேக்கிங் பவுடரையும் உருவாக்கினார். இன்று உங்கள் கேக் மாவு உப்புவதற்குப் பின்னால் அந்த அக்கறையும் இருக்கிறது.

நம் பக்கம் வந்தால், 1883-இல் தலச்சேரியில் பேக்கரி நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி ஒரு பிளம் கேக்கைக் கொடுத்து, அதேபோல் கேட்டாராம். வெளிநாட்டு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்துப் பாப்பு செய்து கொடுத்தார் என்று அவர் குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள்.

ஆக, ஆளுக்கும் ஊருக்கும் தக்கபடி மாறி மாறித்தான் கேக் நம் வீடு வந்திருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது மேல் அலங்காரத்தை. பூவும் பொம்மையும் செய்யும் ஃபாண்டன்ட்டில் பல நேரம் ஜெலட்டின் சேரும், மார்ஷ்மெல்லோவிலும் உண்டு. ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலை அறிந்த நமக்கு இது புதிதல்ல. பதனிடாத தோல் துண்டுகளைக் காய்ச்சினால் பசையாகும் என்பது இங்கே பலருக்கும் தெரியும்.

கேக்கில் முட்டை இல்லை என்பதால் மட்டும் அது சைவமாகிவிடாது. ஹலால் பார்க்கும் தோழிக்கும் இதே கேள்வி உண்டு. பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா, சேர்மானத்தில் ஜெலட்டின் என்று போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஜெல்லி வேண்டுமென்றால் ரம்ஜான் நோன்பு திறக்கையில் நாம் சாப்பிடும் கடல்பாசி இருக்கவே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் அது கிடைக்கிறது. பூ வைக்க வெண்ணெய்க் கிரீமே போதும்.

அலங்காரம் என்ன என்று யோசிக்கும் முன், தோழி எதைச் சாப்பிடமாட்டார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் துண்டை வாயில் வைக்க வேண்டியவர் அவர்தான்.