ஏற்றுமதிக்கு ஒரு வெள்ளைத் தொப்பி

நம் ஊர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள். ஊசியோடு ஒரு நர்ஸ் வருகிறார். பேச்சில் லேசாக ஒரு இழுவை. உடனே கேட்டுவிடுவோம்: "சிஸ்டருக்குக் கோட்டயமா, பத்தனம்திட்டாவா?" பாதி நேரம் சரியாகவே இருக்கும்.

நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சல்ஸிலோ படுத்திருந்தால் இந்தக் கேள்வி செல்லாது. அங்கே கேட்க வேண்டியது, "மணிலாவா, இலோயிலோவா?"

1960க்குப் பிறகு பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போன நர்ஸ்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பிரிட்டன், சவுதி, ஜெர்மனி, கனடா எல்லாம் தனிக் கணக்கு. பசிபிக் கடலோரம் ஏழாயிரத்துச் சொச்சம் தீவுகளாகச் சிதறிக் கிடக்கிற ஒரு தேசம், உலகத்துக்கே நர்ஸ் அனுப்புகிற தேசமாக ஆனது எப்படி?

அந்தப் பெண்களுக்கு இரக்க குணம் ஜாஸ்தி, அதனால்தான் என்று ஒரு பதில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாருங்கள், இரக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. விசா எல்லா ஊருக்கும் கிடைப்பதில்லையே? காரணம் வேறு. அது 1898ல் ஆரம்பிக்கிறது.

அந்த வருடம் டிசம்பரில் ஸ்பெயினும் அமெரிக்காவும் பாரிஸில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. முந்நூறு வருடத்துக்கும் மேலாகத் தன் கையில் வைத்திருந்த பிலிப்பைன்ஸை ஸ்பெயின் கைகழுவியது. அமெரிக்கா 2 கோடி டாலர் கொடுத்தது. மனை பத்திரம் மாதிரி ஒரு தேசம் கை மாறியது. தீவுக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 1899ல் தொடங்கிய போரில் லட்சக்கணக்கில் செத்தார்கள். காலராவும் சேர்ந்து வாரிக்கொண்டு போனது.

அடித்த கையே பிறகு தடவிக்கொடுத்தது. பள்ளிக்கூடம் வந்தது, பாடம் ஆங்கிலத்தில். ஆஸ்பத்திரி வந்தது. 1906ல் இலோயிலோ நகரத்தில் அமெரிக்க மிஷனரிகள் ஒரு நர்ஸிங் பள்ளி தொடங்கினார்கள். பிலிப்பைன்ஸில் அதுதான் முதல் பள்ளி. அடுத்தடுத்து மணிலாவிலும் வந்தன. பாடத்திட்டம் அமெரிக்கப் பாடத்திட்டம். புத்தகம் அமெரிக்கப் புத்தகம். தலையில் வைத்துக்கொள்கிற வெள்ளைத் தொப்பிகூட அந்த ஊர் மாதிரிதான்.

அப்போது யாரும் ஏற்றுமதிக்கு என்று நினைத்து அதைச் செய்யவில்லை. காலனியை நோயில்லாமல் வைத்திருக்க வேண்டும், 'நாகரிகம்' கற்றுக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் விளைவைக் கவனியுங்கள். அமெரிக்க ஆஸ்பத்திரியில் இன்றைக்குச் சேர்ந்து நாளைக்கு வேலை பார்க்கக்கூடிய பெண்கள், 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் தயாராகிக்கொண்டே இருந்தார்கள். 1946ல் பிலிப்பைன்ஸ் சுதந்திரம் பெற்றது. கொடி மாறியது. நர்ஸிங் பாடம் மாறவில்லை.

1948ல் கதவு திறந்தது. சோவியத் யூனியனோடு பனிப்போர் சூடு பிடித்த நேரம். வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்து இரண்டு வருடம் தங்கவைத்து, அமெரிக்காவின் அருமை பெருமைகளைக் காட்டி அனுப்பினால் நல்ல பெயர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பரிமாற்றப் பார்வையாளர் திட்டம் என்று பெயர். படிக்கலாம், பயிற்சி பெறலாம், பிறகு ஊருக்குத் திரும்பிவிட வேண்டும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கோ இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு நர்ஸ் பஞ்சம். பயிற்சிக்கு வந்த பெண்ணை முழு நேர நர்ஸ் வேலைக்குப் போட்டார்கள். சம்பளம் கொடுக்க வேண்டாம், உதவித்தொகை போதும். ராத்திரி ஷிப்டா? பரிமாற்றப் பெண்ணைப் போடு. யாரும் போக விரும்பாத வார்டா? அதற்கும் அவளையே போடு. 1956 முதல் 1969 வரை இப்படிப் போன பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள் 11,000க்கும் அதிகம். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று பெயர் வைத்தார்கள். பரிமாறியது என்னவோ அந்தப் பெண்கள்தான்.

அப்படியும் ஏன் போனார்கள் என்று கேட்பீர்கள். அந்த உதவித்தொகையே மணிலா சம்பளத்தைப் பார்க்கப் பெரிய தொகை. தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், ஓட்டை வீட்டுக்குக் கூரை என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி இருந்தது. டிராவல் ஏஜென்ட்டுகள் டிக்கெட்டைத் தவணையில் கொடுத்தார்கள். விமானம் ஏறும்போதே கடனோடுதான் ஏறினார்கள். இந்தக் கடனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

1965 அக்டோபரில் அதிபர் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவரை பிலிப்பைன்ஸுக்கு ஒதுக்கீடு வருடத்துக்கு வெறும் 100 பேர். இனி நாட்டைப் பார்க்காதே, கையில் இருக்கும் தொழிலைப் பார் என்றது புதிய சட்டம். அதே வருடம் முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடும் வந்தது. கட்டில்கள் நிரம்பின. நர்ஸ் தேவை எகிறியது. இரண்டு வருடத்துக்கு வந்தவர்கள் இப்போது நிரந்தரமாகவே வரலாம் என்றானது.

இந்த இடத்தில் இரண்டு கோர்ட் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் காட்சி, 1967. அதற்கு முந்தைய ஜூலையில், சிகாகோவில் நர்ஸ்கள் தங்கியிருந்த ஒரு வீட்டுக்குள் ரிச்சர்ட் ஸ்பெக் என்பவன் கத்தியோடு நுழைந்தான். ஒரே இரவில் எட்டு பெண்களைக் கொன்றான். செத்தவர்களில் இரண்டு பேர் பரிமாற்றத் திட்டத்தில் வந்த பிலிப்பைன்ஸ் நர்ஸ்கள். ஒன்பதாவது பெண்ணை எண்ண மறந்துவிட்டான். கோரஸான் அமுராவ், வயது 23, அவரும் பிலிப்பைன்ஸ்காரர். கட்டிலுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு விடியும் வரை கிடந்தார். கோர்ட்டில் கூண்டை விட்டு இறங்கி, நேரே ஸ்பெக் முன்னால் போய் நின்று, "இவன்தான்" என்று கை காட்டினார். அமெரிக்கா அந்தப் பெண்ணின் வார்த்தையை நம்பியது. தைரியசாலி என்று கொண்டாடியது.

இரண்டாவது காட்சி, சரியாகப் பத்து வருடம் கழித்து. மிஷிகன் மாநிலம் ஆன் ஆர்பர் நகரம். முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி. 1975 கோடையில் அங்கே நோயாளிகளுக்குத் திடீர் திடீரென்று மூச்சு நின்றது. 35 பேருக்கு, மொத்தம் 51 தடவை. சிலர் இறந்தும் போனார்கள். தசைகளைச் செயலிழக்க வைக்கும் பாவுலான் என்கிற மருந்தை யாரோ டிரிப்ஸில் கலந்திருக்கிறார்கள் என்றது எஃப்.பி.ஐ. யார் அது? விரல் நீண்டது ஃபிலிப்பினா நார்சிஸோ, லியோனோரா பெரஸ் என்ற இரண்டு பிலிப்பைன்ஸ் நர்ஸ்களை நோக்கி.

அவர்கள் மருந்து ஏற்றியதைக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. எதற்காகச் செய்தார்கள் என்பதற்கும் பதில் இல்லை. சம்பவம் நடந்தபோது பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் பிரதான வாதம். வார்டு நர்ஸ் நோயாளி பக்கத்தில் இல்லாமல் வேறு எங்கே இருப்பார்? இருந்தாலும் 1977 ஜூலையில் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள். லியோனோரா பெரஸ் வழக்கு நடந்தபோது கர்ப்பிணி. அமெரிக்கா முழுக்க இருந்த பிலிப்பைன்ஸ் மக்கள் காசு திரட்டினார்கள், ஊர்வலம் போனார்கள். அரசுத் தரப்பு முறைகேடாக நடந்துகொண்டது என்று சொல்லி, அதே வருடம் டிசம்பரில் நீதிபதியே தீர்ப்பை ரத்து செய்தார். 1978 பிப்ரவரியில் வழக்கு கைவிடப்பட்டது. உண்மையில் அதைச் செய்தது யார் என்று எந்தக் கோர்ட்டும் கடைசி வரை சொல்லவில்லை.

ஊர் அதேதான், தொழிலும் அதேதான். வேண்டும்போது தேவதை, சிக்கல் வந்தால் சந்தேக கேஸ். அந்நிய மண்ணில் வேலை பார்ப்பவர்கள் எல்லோருமே இந்தக் கயிற்றின் மேல்தான் நடக்கிறார்கள்.

சரி, சொந்த நாடு என்ன செய்தது? 1972ல் ராணுவச் சட்டம் கொண்டுவந்து நாட்டைக் கையில் எடுத்த சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு, டாலர் வரும் வழி தெரிந்துவிட்டது. ஊரில் வேலை இல்லையா? வெளியே அனுப்பு. 1974ல் தொழிலாளர் சட்டத்திலேயே அதற்கு இடம் போட்டார். ஆள் அனுப்ப அரசாங்க இலாகா வந்தது. 1986ல் மார்க்கோஸ் ஓடிப்போனார். ஆனால் இலாகா ஓடிப்போகவில்லை. 1988ல் அதிபர் கொரி அக்கினோ, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களைப் 'புதிய வீரர்கள்' என்று புகழ்ந்தார். வீரர் என்று சொல்லிவிட்டால் திரும்பி வா என்று கூப்பிட வேண்டியதில்லை, பாருங்கள்!

2000க்குப் பிறகு கூத்து உச்சத்துக்குப் போனது. தெருவுக்குத் தெரு நர்ஸிங் கல்லூரி. டாக்டர்களே மறுபடி கல்லூரியில் சேர்ந்து நர்ஸிங் படித்தார்கள். தமாஷ் இல்லை, ஆயிரக்கணக்கில் படித்தார்கள். 2006 ஜூனில் 40,000க்கும் மேற்பட்டோர் எழுதிய நர்ஸ் உரிமத் தேர்வில் கேள்வித்தாள் வெளியானது. சில பேர் செய்த தப்புக்கு அந்த ஆண்டில் தேறிய அத்தனை பேர் மீதும் கறை விழுந்தது. வெளியான பாடங்களை மறுபடி எழுதித் தேறினால்தான் விசாவுக்கான சான்றிதழ் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது.

எல்மர் ஹசிண்டோவின் கதை இந்தக் காலத்துக்கு நல்ல சாட்சி. பாஸிலான் தீவுக்காரர். 2004ல் டாக்டர்களுக்கான உரிமத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம். கையோடு அவர் அறிவித்தார்: நர்ஸாக அமெரிக்கா போகிறேன். நாடே கொந்தளித்தது. தேசத் துரோகி என்றுகூடச் சொன்னார்கள். அவர் போய்விட்டார்.

போன இடத்தில் கதை முடியவில்லை. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு நர்ஸிங் ஹோம். வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரில் ஏஜென்ட் சொன்னது ஒன்று, இங்கே நடப்பது வேறு என்று நர்ஸ்கள் புகார் சொன்னார்கள். சம்பளத்தில் குறை, தங்குமிடத்தில் நெரிசல். மூன்று வருட ஒப்பந்தம் முடியும் முன் விலகினால் 25,000 டாலர் அபராதம். முன்னே சொன்னேனே, தவணை டிக்கெட்? அந்தக் கடன்தான் இங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

2006 ஏப்ரலில் பத்து நர்ஸ்கள் ராஜினாமா செய்தார்கள். அவரவர் ஷிப்டை முடித்துவிட்டுத்தான் போனார்கள். மாற்று ஆள் வந்தார்கள். எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் 2007ல் அவர்கள் மேல் கிரிமினல் வழக்கு பாய்ந்தது. நோயாளிக் குழந்தைகளை ஆபத்தில் விட்டார்களாம். அவர்களுக்குச் சட்ட ஆலோசனை சொன்ன வக்கீலும் குற்றவாளிக் கூண்டில். பத்து பேரில் ஒருவர் எல்மர் ஹசிண்டோ. ஊரில் துரோகி, இங்கே கிரிமினல்.

2009 ஜனவரியில் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கை நிறுத்தியது. என்ன சட்டத்தைக் காட்டி என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்க அரசியல் சாசனத்தின் 13வது திருத்தம். 1865ல் உள்நாட்டுப் போர் முடிந்து, கறுப்பின மக்களின் அடிமைத்தனத்தை ஒழித்தார்களே, அந்தத் திருத்தம். வேலையை விட்டதற்காக ஒருவரைத் தண்டிப்பது கட்டாய உழைப்புக்குச் சமம் என்றது நீதிமன்றம். 21ஆம் நூற்றாண்டில் படித்த நர்ஸ்கள், 'நாங்கள் அடிமைகள் இல்லை' என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. வேறொரு நர்ஸ் தொடுத்த வழக்கில், அந்த 25,000 டாலர் அபராதம் செல்லாது, அது ஆள் கடத்தல் தடுப்புச் சட்டத்தையே மீறுகிறது என்று 2019ல் இன்னொரு நீதிமன்றம் சொன்னது.

அடுத்த வருடமே கொரோனா வந்தது. அமெரிக்காவின் நர்ஸ்களில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் 4 சதவிகிதம். ஆனால் 2020 செப்டம்பரில் அமெரிக்க நர்ஸ்கள் சங்கம் ஒன்று கணக்கெடுத்தபோது, கொரோனாவில் இறந்த நர்ஸ்களில் அவர்கள் 31.5 சதவிகிதம். ராத்திரி ஷிப்டும் யாரும் போகாத வார்டும் அவர்களுக்கே என்றுதானே பழக்கம்? தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் மூச்சுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்தான்.

2020 டிசம்பர் 8. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம். பரிசோதனைகள் முடிந்து, மக்களுக்கான ஃபைசர் தடுப்பூசி உலகத்திலேயே முதல்முறையாக 90 வயது மார்கரெட் கீனன் பாட்டிக்குப் போடப்பட்டது. போட்டவர் மே பார்சன்ஸ் என்ற நர்ஸ். பிறந்த ஊர் பிலிப்பைன்ஸ்.

அதற்குப் பதினோரு வாரம் கழித்தும் பிலிப்பைன்ஸில் தடுப்பூசித் திட்டம் தொடங்கவில்லை. மருந்து வந்து சேரவில்லை. ஊரில் ஆள் பற்றாது என்று, வருடத்துக்கு 5,000 பேருக்கு மேல் புதிதாக வெளியே போகக் கூடாதென அரசு வரம்பு வைத்திருந்தது. அந்த பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் ஒரு யோசனை சொன்னார். நீங்கள் தடுப்பூசி கொடுங்கள், உங்களுக்கு அந்த வரம்பைத் தளர்த்துகிறோம், நர்ஸ்களை அனுப்புகிறோம்!

நாங்கள் என்ன சரக்கா என்று நர்ஸ்கள் சங்கம் கொதித்தது. பிரிட்டன் நாசூக்காக மறுத்துவிட்டது. பேரம் படியவில்லை.

1898ல் ஒரு தேசத்தை வாங்கியவர்கள் காசாவது கொடுத்தார்கள், விற்றவன் அந்நியன். இந்தத் தடவை விலை பேசியது அந்தப் பெண்களின் சொந்த அரசாங்கம். கேட்ட விலை, ஊசி மருந்து. அதைப் போடத் தெரிந்தவர்களைத்தான் நூறு வருடமாக ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.