ஓர் அறை, பன்னிருவர்: ‘ஸ்டுடியோ ஒன்’ நாடகமும் குணச்சித்திர நடிகர்களின் எழுச்சியும்

1954 செப்டம்பர் 20, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ‘ஸ்டுடியோ ஒன்’ என்ற வாராந்தர நாடக நிகழ்ச்சி அந்தப் பருவத்தின் முதல் நாடகத்தை நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பியது. ரெஜினால்ட் ரோஸ் எழுதி ஃபிராங்க்ளின் ஷாஃப்னர் இயக்கிய அந்த நாடகம் ‘ட்வெல்வ் ஆங்க்ரி மென்’: கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞன் குற்றவாளியா என்று ஓர் அறைக்குள் வாதிடும் பன்னிரு ஜூரிகளின் கதை. 1957இல் சிட்னி லூமெட் எடுத்த திரைப்படத்தைப் பார்த்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதற்கு மூலமான இந்த ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இரண்டின் நடிகர் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மூன்றே ஆண்டுகளில் அமெரிக்க நடிப்புலகில் யாருக்கு முதலிடம் என்ற கணக்கு எப்படி மாறியது என்பது புலப்படும். அந்த மாற்றத்தைத் தொலைக்காட்சி நாடகமே உண்டாக்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

‘ஸ்டுடியோ ஒன்’ வானொலியில் 1947இலும் தொலைக்காட்சியில் 1948இலும் தொடங்கியது. இவ்வகைத் தொகுப்பு நாடகங்களில் வாரந்தோறும் கதையும் மாந்தர்களும் புதியவர்கள். போன வாரம் பழகிய முகம் இந்த வாரம் உதவாது. ஒரு மணி நேரத்தில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் விளம்பரங்கள் போக எஞ்சியது சுமார் 50 நிமிடம். அதற்குள் ஒரு மனிதனை நுழைந்த கணத்திலேயே பார்வையாளருக்கு அடையாளம் காட்டிவிட வேண்டும். நேரடி ஒளிபரப்பில் மறுபடி எடுப்பதற்கு வழியில்லை. வசனம் தடுமாறினால் தடுமாறியதுதான். அன்றைய சிறிய திரையில் பரந்த காட்சிகள் எடுபடாததால் கேமரா முகங்களையே நாடியது. மேடையில் தேறிய, எந்த வேடத்துக்கும் பொருந்துகிற, பெயர் தெரியாவிட்டாலும் முகம் நினைவில் நிற்கிற நடிகர்களுக்கு இதைவிட ஏற்ற களம் அதற்கு முன் அமைந்ததில்லை.

ரோஸ் இக்கதையை எழுதத் தூண்டியது, நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கில் அவரே ஜூரியாக அமர்ந்த அனுபவம். அதே ஆண்டு மார்ச்சில் ஒளிபரப்பான அவருடைய ‘தண்டர் ஆன் சிகாமோர் ஸ்ட்ரீட்’ நாடகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளையர் தெருவில் குடியேறும் கறுப்பினக் குடும்பத்தைத்தான் அதில் எழுத நினைத்தார். தென்மாநிலப் பார்வையாளரை இழக்க நேரும் என்ற அச்சம் குறுக்கே நிற்க, குடியேறுபவர் சிறைத் தண்டனை முடித்து வந்தவர் என்று மாற்ற வேண்டியதாயிற்று. ‘ட்வெல்வ் ஆங்க்ரி மென்’ நாடகத்திலும் குற்றம் சாட்டப்பட்ட இளைஞன் எந்த இனத்தவன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ‘அந்த மாதிரி ஆட்கள்’ என்ற தொனியில் ஒருவர் பேசும்போது கேட்பவர்களின் முகம் மாறுகிறது; அந்த முகங்களிலிருந்தே நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். எழுத முடியாததை நடிகர்களின் முகத்தில் ஏற்றிவைத்த உத்தி இது. தணிக்கையும் விளம்பரதாரரும் நெருக்கியபோது அந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் குணச்சித்திர நடிகர்களே.

இனி 1954இன் பன்னிருவர். முக்கிய வேடங்கள் ஹாலிவுட்டின் பழைய பெயர்களுக்கே சென்றன. தனியாளாக எதிர்த்து வாக்களிக்கும் எட்டாம் ஜூரி ராபர்ட் கம்மிங்ஸ். நகைச்சுவை நாயகனாகவும், ஹிட்ச்காக்கின் ‘சபட்டேர்’ நாயகனாகவும் அறியப்பட்டவர். கடைசிவரை முரண்டு பிடிக்கும் மூன்றாம் ஜூரி ஃபிரான்சோட் டோன். 1935இன் ‘மியூட்டினி ஆன் த பவுண்டி’ படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். வெறுப்பைக் கொட்டும் பத்தாம் ஜூரி எட்வர்ட் ஆர்னால்ட். ஃபிராங்க் காப்ராவின் படங்களில் பெருத்த உடலும் அதிகாரக் குரலுமாக ஊரையே விலைபேசும் பணமுதலைகளாக வந்தவர் அவர். வால்டர் ஏபல், ஜான் பீல் ஆகியோரும் முப்பதுகளின் திரைமுகங்களே. இவர்களுக்கு நடுவே நார்மன் ஃபெல் போன்ற இளம் தொலைக்காட்சி நடிகர்களும் இருந்தனர்.

கம்மிங்ஸின் நடிப்பை நான் உயர்வாகவே மதிக்கிறேன். தன் முடிவில் தனக்கே உறுதியில்லாத, தயங்கித் தயங்கிப் பேசும் எட்டாம் ஜூரி அவருடையவர். பின்னாளில் திரைப்படத்தில் ஹென்றி ஃபோண்டா கொண்டுவந்த அமைதியான உறுதி இங்கே இல்லை. அந்தத் தயக்கமே இந்த வடிவத்தின் உயிர். அவ்வாண்டின் எம்மி விருதுகளில் ரோஸுக்கும் ஷாஃப்னருக்கும் கம்மிங்ஸுக்கும் என மூன்று இந்த நாடகத்துக்குக் கிடைத்தன.

ஆயினும் மூன்றாண்டுகள் கழித்து லூமெட் தம் முதல் திரைப்படமாக இதை எடுத்தபோது, அந்தப் பன்னிருவரில் இருவரே எஞ்சினர். முதியவரான ஒன்பதாம் ஜூரி ஜோசப் ஸ்வீனி. அகதியாக வந்த பதினோராம் ஜூரி ஜார்ஜ் வோஸ்கோவெச். புகழ்பெற்றவர்கள் எல்லாரும் விலக, பெயர் பரவாத இவ்விருவர் மட்டும் நிலைத்தனர்.

வோஸ்கோவெச்சின் வாழ்க்கை அந்த வேடத்துக்குள் எவ்வளவு தூரம் ஊடுருவியது என்பதைக் கவனிக்க வேண்டும். பிராக் நகரின் ‘விடுதலை நாடகமன்ற’த்தில் யான் வெரிக்கோடு இணைந்து பாசிசத்தை எள்ளி நகையாடியவர். நாஜிகள் நெருங்கியபோது அமெரிக்காவுக்குத் தப்பினார். போருக்குப்பின் தாயகம் திரும்பி, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி வெளியேறினார். 1950இல் மீண்டும் அமெரிக்கா வந்தவரைக் கம்யூனிஸ்ட் அனுதாபி என்று சந்தேகித்து எல்லிஸ் தீவில் பல மாதங்கள் அடைத்துவைத்தார்கள். எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாமல் தீர்ப்புக்குக் காத்திருந்த ஒருவர், ஜனநாயகத்தில் ஜூரியின் கடமை என்ன என்று சக ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்கிறார். அதுவும் கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்தி தொடர்பான செனட் விசாரணைகள் தொலைக்காட்சியில் ஓடிய அதே 1954ஆம் ஆண்டில். அந்த வசனங்களுக்கு வேறு யாராலும் அந்தக் கனத்தைத் தந்திருக்க இயலாது.

திரைப்படத்தில் ஃபோண்டா ஒருவரே நட்சத்திரம். மேடையில் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தின் முதல் வில்லி லோமனாக விளங்கிய லீ ஜே. காப், தொலைக்காட்சியில் ‘பேட்டர்ன்ஸ்’ நாடகத்தால் பேசப்பட்ட எட் பெக்லி, மார்ட்டின் பால்சம், ஜாக் க்ளக்மன், ஜாக் வார்டன், ஈ.ஜி. மார்ஷல் என்று எஞ்சிய இடங்களில் பெரும்பாலானவற்றை நியூயார்க் மேடையிலும் நேரடி ஒளிபரப்பிலும் உரமேறியவர்கள் நிரப்பினர். லூமெட்டும் சிபிஎஸ் நிறுவனத்தில் நேரடி நாடகங்கள் இயக்கித் தேர்ந்தவர். படப்பிடிப்புக்கு முன் இரண்டு வாரம் ஒத்திகை நடத்தினார். திரையுலகில் அரிதான அந்த வழக்கம் தொலைக்காட்சி நாடகக்காரர்களுக்கு அன்றாடம். ஹிந்தியில் பாசு சட்டர்ஜி 1986இல் ‘ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா’ எடுத்தபோதும் இதே நெறியே தொடர்ந்தது: முரண்டு பிடிப்பவராகப் பங்கஜ் கபூர், முப்பது வயதை ஒட்டிய அன்னு கபூர் அங்கே முதியவரானார்!

மூல ஒளிபரப்பு இன்று பார்க்கக் கிடைப்பதே தற்செயல்தான். ஒளிநாடா 1956இல்தான் வந்தது. அதுவரை திரையில் ஓடுவதை 16 மி.மீ. படச்சுருளில் பிடித்துவைக்கும் கினெஸ்கோப் முறைதான் இருந்தது. நாடகம் முடிந்தபின் அந்தச் சுருள்களைப் பேணியவர் சிலரே. நெடுங்காலம் இந்நாடகத்தின் முற்பாதி மட்டுமே கிடைத்துவந்தது. முழுப் பிரதி 2003இல், மறைந்த வழக்கறிஞர் சாமுவேல் லீபோவிட்ஸின் உடைமைகளிடையே கிடைத்தது. ஸ்காட்ஸ்பரோ வழக்கில் கறுப்பின இளைஞர்களுக்காக வாதாடி, ஜூரிப் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவரை ஒதுக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்ற தீர்ப்பை 1935இல் உச்ச நீதிமன்றத்தில் பெற்றவர் அவர். அதே சுருளில் இருக்கும் பன்னிருவரும் வெள்ளையர், அனைவரும் ஆண்கள். நாடகத்தின் நீதியுணர்வை மனமாரப் போற்றும் நாம் இந்தக் குறையையும் சேர்த்தே பதிவுசெய்தாக வேண்டும்.

ஐம்பதுகளின் இறுதியில் தயாரிப்பு ஹாலிவுட்டை நோக்கி நகர்ந்தது. ‘ஸ்டுடியோ ஒன்’ 1958இல் அங்கே இடம்பெயர்ந்து அவ்வாண்டே நின்றுபோனது. நேரடி ஒளிபரப்பின் இடத்தைப் படச்சுருளில் எடுத்த தொடர்கள் பிடித்தன. நடிகர்கள் மட்டும் அழியவில்லை. ராட் செர்லிங்கின் ‘த ட்விலைட் சோன்’ 1959இல் தொடங்கியபோது, பால்சம், ஜான் ஃபீட்லர், எட்வர்ட் பின்ஸ், வார்டன், க்ளக்மன் என ஜூரி அறையின் முகங்கள் ஒவ்வொன்றாக அதில் வந்தன. க்ளக்மன் நான்கு கதைகளில் நடித்தார், நான்கும் வெவ்வேறு மனிதர்கள். ரோஸ் 1961இல் ‘த டிஃபெண்டர்ஸ்’ என்ற வழக்கறிஞர் தொடரை உருவாக்கியபோது தலைமை வேடத்தை ஈ.ஜி. மார்ஷலுக்குக் கொடுத்தார். திரைப்படத்தின் நான்காம் ஜூரி அவர். வியர்வை சிந்தாமல் தர்க்கம் பேசியவர். 1965 வரை வாரந்தோறும் அந்தத் தொடரைத் தாங்கி நின்று, அதற்காக இரண்டு எம்மி விருதுகளும் பெற்றார்.