முத்துசுவாமி தீட்சிதர்: பல்கலைக்கழகப் பாடமும் ஆய்வும்

கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையையும் கிருதிகளையும் மூலச் சான்றுகளைக் கொண்டு ஆராயும் இப்புலம் இசையியலின் பிரிவு. வடமொழி இலக்கியம், கோயில் வரலாறு ஆகியவற்றோடும் தொடர்புடையது. இசைப் பட்டப்படிப்புகளில் மும்மூர்த்திகள் பற்றிய பாடத்தின் பகுதியாகவும், முனைவர் பட்ட ஆய்வுப் பொருளாகவும் இடம்பெறுகிறது.

இதன் அடிப்படை நூல், தீட்சிதரின் குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'. இதைச் சென்னை மியூசிக் அகாதெமி பின்னர் தமிழ் எழுத்தில் பதிப்பித்தது. ஒவ்வொரு சுரத்துக்கும் உரிய கமகத்தைக் (சுர அசைவைக்) குறியிட்டுக் காட்டுவதால், இன்றைய பாடாந்தரம் (பாடும் வழக்கு) எங்கே மாறியுள்ளது என்பதை வரிக்கு வரி ஒப்பிட இயலும். இந்நூலில் இடம்பெறாமல் பிற்காலத்தில் அச்சேறிய கிருதிகளின் உண்மைத்தன்மையே இப்புலத்தின் முதன்மைச் சிக்கல். தீட்சிதர் தம் கிருதிகளில் பதித்த 'குருகுஹ' முத்திரை மட்டும் போதிய சான்றாகாது. ராக லட்சணம், சொல்லாட்சி, குரு சீட மரபு ஆகியவையும் ஆராயப்படுகின்றன.

வாழ்க்கை ஆய்வில் காலக்கணிப்பு முக்கியமானது. சுப்பராம தீட்சிதர் தரும் பிறப்புக் குறிப்பு மன்மத ஆண்டு, பங்குனி மாதம், கிருத்திகை நட்சத்திரம். பரவலாக 1775 என எழுதப்பட்டாலும், மன்மத ஆண்டின் பங்குனி 1776-இல்தான் வருகிறது. பிறந்த ஊர் திருவாரூர். மறைந்தது 1835-இல் எட்டயபுரத்தில்.

அசம்பூர்ண மேள மரபு, கமலாம்பா நவாவரணம், ஐரோப்பிய மெட்டுகளில் அமைந்த நோட்டுஸ்வர சாகித்தியங்கள் ஆகியன பிற ஆய்வுக்களங்கள். சென்னைப் பல்கலைக்கழக வடமொழிப் பேராசிரியர் வே. ராகவன், தீட்சிதர் வரலாற்றை வடமொழிக் காவியமாகவும் இயற்றினார்.