வடமராட்சித் தோட்டங்களின் பசளைக் கணக்கு

பருத்தித்துறையிலும் அதை அடுத்த புலோலி, அல்வாய், கரவெட்டி ஊர்களிலும் மூன்று தலைமுறைக்கு முன் தோட்டம் செய்தவர்கள் யூரியா மூட்டையைக் காணாமலே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்தார்கள். சேதன விவசாயத்துக்காக இன்று வாதாடுவோர் இந்த வரலாற்றைத்தான் முதலில் எடுத்து வைக்கிறார்கள்: பாட்டனுக்கு முடிந்தது பேரனுக்கு ஏன் முடியாது? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஒரு பிழையான எண்ணம் ஒளிந்திருக்கிறது. பழைய விவசாயம் இயற்கை இலவசமாகக் கொடுத்ததை வைத்து நடந்தது, பசளைக்குக் காசு கொடுக்கும் பழக்கம் கம்பனிகளோடுதான் வந்தது என்பதே அந்த எண்ணம். தோட்டங்களின் வரலாறு இதற்கு நேர்மாறானது. இங்கே மண்ணின் வளம் எப்போதும் வெளியிலிருந்து விலைக்கு வந்தது. காலத்துக்குக் காலம் மாறியது, அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான்.

இந்த ஊர்கள் அடங்கிய வடமராட்சி, சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் நிலம். ஆறு கிடையாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் பெய்து தீர்ந்துவிடும். கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தேங்கும் அந்த மழையைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் மற்ற மாதங்களில் பயிர் செய்ய வேண்டும். துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர், பட்டையைப் பிடித்து ஊற்றுபவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என ஓர் இறைப்புக்கே மூன்று நான்கு பேர் வேண்டியிருந்தது. செம்மண் தோட்டத்துக்கு வாய்ப்பான மண்தான்; ஆனால் அதில் மக்கு குறைவு. இறைக்க இறைக்கச் சத்து தண்ணீரோடு கீழே போய்விடும். எனவே ஒவ்வொரு பயிருக்கும் மண்ணைப் புதிதாக ஊட்ட வேண்டியிருந்தது. மாட்டெருவைச் சேர்த்தார்கள். ஆட்டுப்பட்டியை இரவில் தறையில் அடைத்து, பட்டிக்காரருக்குக் கூலி கொடுத்தார்கள். வேலியில் நின்ற பூவரசையும் முள்முருக்கையும் வெட்டிக் குழை தாழ்த்தார்கள். கூரையிலும் வேலியிலும் உழைத்து முடிந்த பனையோலையை மண்ணுக்குள் புதைத்தார்கள். கரையில் ஒதுங்கும் சாதாளையையும் விடவில்லை. இவை போதாதபோது வன்னிக் காட்டிலிருந்து குழை வந்தது, முதலில் மாட்டு வண்டியில், பின்னர் லொறியில். ஒரு பரப்புத் தோட்டத்தின் பச்சைக்குப் பின்னால் வேறிடத்துக் காடும் மேய்ச்சலும் நின்றன.

இந்தச் செலவைத் தாங்கிய பயிர் புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலிருந்தே யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் பெரிய சந்தை. வடபகுதித் துறைகளிலிருந்து பாய்க்கப்பல்கள் அதை ஏற்றிச் சென்றன. மலையாளக் கரையில் கிடைத்த காசுதான் வண்டிக்காரருக்கும் பட்டிக்காரருக்கும் போனது. ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் யாழ்ப்பாணத்தின் கிணற்றுத் தோட்டங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறார். அந்தத் தோட்டங்களின் சிறப்பைச் சொல்லும்போது அவற்றில் உழைத்தவர்களை மறக்கக் கூடாது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான். அதற்குப் பிறகும் துலா மிதித்ததும் குழை சுமந்ததும் பெரும்பாலும் நிலமில்லாத, சாதியால் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்களுக்குக் கொடுக்காமல் விடப்பட்ட கூலியும் பழைய சேதன விவசாயத்தின் முதலீட்டில் ஒரு பங்கு. பழைய முறை மலிவாக இருந்தது என்று சொல்பவர், யாருக்கு மலிவு என்றும் சொல்ல வேண்டும்.

இந்தக் கணக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மாறியது. இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில் மலையாளச் சந்தை சுருங்கியது. துலா நின்ற இடத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் வந்தது. 1962இல் அரசு பசளை மானியத்தைத் தொடங்கியது. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ. நல்ல மாட்டெருவில் அது நூற்றுக்கு அரை வீதம் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு நாலரைத் தொன்னுக்கு மேல் எரு வேண்டும். சைக்கிள் கரியரில் ஒருவர் கொண்டுவரக் கூடியதற்கும் வண்டி வண்டியாக ஏற்றி, இறக்கி, பரப்பி, கொத்திப் புரட்ட வேண்டியதற்கும் உள்ள இடைவெளி இது. தோட்டக்காரர் யூரியாவுக்கு மாறியதை அறியாமை என்றோ விளம்பர மயக்கம் என்றோ சொல்வது அவரைக் குறைத்து மதிப்பது. அவர் கணக்குப் பார்த்தார். கணக்குச் சரியாக இருந்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை ஏறியது, தறைக்கு ஓய்வில்லாமல் போயிற்று, பசளையும் பூச்சிமருந்தும் பெருகின. 1977க்குப் பின் இறக்குமதி திறந்து விலை சரிந்தது. ஆனால் பழைய பட்டிகளும் வண்டிகளும் திரும்பி வரவில்லை.

மானியம் பசளையின் விலையை இல்லாமல் ஆக்கவில்லை, கைமாற்றியது. ஒரு பகுதியை அரச திறைசேரி கொடுத்தது. இன்னொரு பகுதியைக் கிணறு கொடுத்தது. 1980களில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளை ஆய்ந்தவர்கள், செறிவாகத் தோட்டம் செய்யும் இடங்களில், தழைச்சத்திலிருந்து உண்டாகும் நைத்திரேற்றின் அளவு மிஞ்சியிருப்பதைக் கண்டார்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டினால் பால்குடிக் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறன் குறையக்கூடும். இங்கே ஒரு மறுப்பு எழும். எருவிலிருந்தும் நைத்திரேற்று வரும், மலகூடக் குழிகளிலிருந்தும் வரும், யூரியாவை மட்டும் ஏன் குற்றம் சொல்கிறீர்கள்? மறுப்பில் உண்மை இருக்கிறது. அளவுக்கு மீறிக் கொட்டிய எருவும் கிணற்றைக் கெடுக்கும். சேதனம் என்ற பெயர் தண்ணீரைக் காப்பாற்றாது. ஆனால் நாலரைத் தொன் எருவை அளவுக்கு மீறிக் கொட்ட எவராலும் எளிதில் முடியாது. மூட்டையில் வரும் யூரியாவை ஒரு கைப்பிடி கூட்டிப் போடுவதற்குத் தடையே இல்லை. எருவின் சுமையே அதற்குக் கடிவாளமாக இருந்தது. அதோடு எரு மெல்ல மக்கிச் சத்தை விடுவது. யூரியா அடுத்த இறைப்பிலேயே கரைந்து இறங்கக் கூடியது. மெல்லிய மண்ணும் வெடித்த கல்லும் உள்ள ஊரில் இந்த வேறுபாடு பெரியது.

யூரியா இல்லாமல் தோட்டம் செய்யும் நிலை இரண்டு தடவை மக்கள்மேல் திணிக்கப்பட்டது. முதலாவது போர்க்காலத்தில். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. வெடிமருந்துக்கு உதவும் என்று யூரியா நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. பழைய முறைக்குத் திரும்ப அதுவே தருணம் என்று தோன்றலாம். ஆனால் யூரியா வரும் பாதை அடைபட்டபோது குழை வரும் பாதையும் அடைபட்டது. தரைப்பாதையான ஆனையிறவு மூடிக் கிடந்தது. கிளாலி நீரேரியை இரவில் படகில் உயிரைக் கையில் பிடித்துக் கடந்தவர்கள் காட்டுக் குழையையா ஏற்றி வருவார்கள்? வேலிக் குழையையும் வீட்டு எருவையும் வைத்துச் சமாளித்தவர்களின் திறமை பெரியது. ஆனால் வறுமையும் முற்றுகையும் கட்டாயப்படுத்திய சிக்கனத்தை விவசாயக் கொள்கையின் வெற்றி என்று எழுதிவிட முடியாது.

இரண்டாவது 2021இல். கோட்டாபய ராஜபக்ச 2019 ஜனாதிபதித் தேர்தலில் சேதன விவசாயத்துக்கு மாறப் பத்து ஆண்டு என்று வாக்களித்திருந்தார். 2021 மே மாத வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வீச்சில் நிறுத்தியது. பத்து ஆண்டு ஒரு போகமாகச் சுருங்கியது. சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பலின் மாதிரியில் தீங்கான நுண்ணுயிர் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அதை அனுப்பிய கம்பனிக்கு 69 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2005க்குப் பின் நெற்செய்கைக்கு 350 ரூபாய்க்குக் கிடைத்த 50 கிலோ யூரியா 2022இல் வெளிச்சந்தையில் முப்பதாயிரத்தைத் தாண்டியது. இதைக் காட்டிச் சேதன விவசாயம் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவோர் உண்டு. தோற்றது சேதன விவசாயமா? நாலரைத் தொன் எருவை எங்கிருந்து எடுப்பது, யார் ஏற்றுவது, கூலியை யார் கொடுப்பது என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் மூட்டையை மட்டும் பறித்ததுதான் தோற்றது. வண்டியும் பட்டியும் காடும் இல்லாத இடத்தில் பாட்டன் இருந்திருந்தாலும் தோற்றிருப்பார்.

சேதன விளைபொருளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும், சந்தையே இந்தச் செலவைக் கொடுத்துவிடும் என்பது இன்றைய பதில். ஏற்றுமதித் தோட்டங்களுக்கு அது பொருந்தலாம். பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர்; அதிலும் சில பரப்புகளை மட்டும் வைத்து, நெல்லியடிச் சந்தையில் மற்றவர் வெங்காயத்தோடு தன் வெங்காயத்தையும் குவிக்கும் ஒருவருக்குச் சான்றிதழும் தனி விலையும் எட்டாதவை. இன்னொன்றும் உண்டு. கல்லுக்கடியில் தண்ணீருக்கு வேலி இல்லை. ஒருவர் யூரியாவைக் கைவிட்டாலும் அயலவர் போடுவது அவர் கிணற்றுக்கும் வரும். அவர் குறைத்ததன் பயனை ஊரே குடிக்கும். ஊர் முழுவதற்கும் கிடைக்கும் நன்மையின் செலவைத் தனி ஒருவர் தலையில் கட்டுவது முறையுமல்ல, நடக்கப்போவதுமல்ல.

ஆகவே சேதன விவசாயம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதை விட, அதன் விலையைப் பொதுப் பணத்திலிருந்து கொடுக்கத் தயாரா என்று கேட்பதே பயன் தரும். வன்னிக் காட்டை மீண்டும் மொட்டையடிக்க முடியாது. கொடுக்காத கூலியை மீண்டும் எடுக்கவும் கூடாது. சீமைக்கிளுவை வேலிகளையும், சந்தைக் கழிவிலிருந்து செய்யும் கூட்டெருவையும், மாடு வளர்ப்பையும் ஊருக்குள்ளேயே பெருக்கலாம். மானியத்தில் ஒரு பகுதியை மூட்டையிலிருந்து எடுத்து, எரு ஏற்றும் கூலிக்கும் கிணற்று நீர்ப் பரிசோதனைக்கும் கொடுக்கலாம். யூரியாவை ஒரே நாளில் நிறுத்தாமல், நைத்திரேற்று மிஞ்சிய ஊர்களிலிருந்து தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு குறைக்கலாம். இதற்குக் காசு செலவாகும். இந்தத் தோட்டங்களில் பசளைக்குக் காசு செலவாகாத காலம் ஒன்று இருந்ததே இல்லை.