இருப்பும் வரவும்: தாம்பரம் வட்டார வீடுகளில் பேரிடர் முன்னேற்பாட்டின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

சென்னை வெள்ளத்தைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஏரி, ஆறு, ஆக்கிரமிப்பு, அணைத் திறப்பு ஆகியவற்றையே பேசுகின்றன. நீர் புகுந்த வீட்டுக்குள் என்ன இருந்தது, என்ன இல்லாமற் போயிற்று என்பது வரலாற்றுப் பொருளாகக் கருதப்படவில்லை. தாம்பரத்தையும் அதனைச் சூழ்ந்த தென்சென்னைப் புறநகர்களையும் களமாகக் கொண்டு, வீட்டு முன்னேற்பாடு எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பொருளை இருப்பு வைத்து வாழ்ந்த வீடு அன்றாட வரவை நம்பி வாழும் வீடாக மாறியதே 2015 டிசம்பரில் புறநகர்க் குடும்பங்களைத் தளரச் செய்த காரணங்களுள் முதன்மையானது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தாம்பரம், அடையாறு, 2015 வெள்ளம், வீட்டு இருப்பு, வாடகைக் குடியிருப்பு, பேரிடர் முன்னேற்பாடு.

1. முன்னுரை

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. அதற்கு முந்தைய நவம்பர் மாதத்திலேயே சென்னையில் 100 செ.மீ.க்கு மேல் பெய்திருந்ததால் ஏரிகள் நிறைந்து, மண் ஈரம் ஏறியிருந்தது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. இவையெல்லாம் ஆவணங்களில் உள்ளன. இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டபோது, இவ்வெள்ளத்தில் மனிதத் தவறுக்கு உரிய பங்கைச் சுட்டிக்காட்டியது.

கன அடிக் கணக்குக்கு ஆவணம் உண்டு. குடத்துக் கணக்குக்கு இல்லை. அந்த இரவில் ஒரு வீட்டில் எத்தனை குடம் குடிநீர் இருந்தது, தீப்பெட்டி நனையாமல் எங்கே இருந்தது, குடும்ப அட்டையை யார் எடுத்தார்கள் என்பவற்றை எந்தத் துறையும் பதியவில்லை. உயிர் பிழைத்தலின் பெரும்பகுதியோ இத்தகைய சிறு பொருள்களைச் சார்ந்தே அமைந்தது. அவற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு.

2. ஏரித்தொடரும் மனையிடமும்

தாம்பரம் வட்டாரம் ஏரிகளால் ஆன நிலம். ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, இரும்புலியூர் ஆகிய ஊர்களின் ஏரிகள் மேற்கே அடையாற்றின் வடிநிலத்தோடு தொடர்புடையவை. கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்லும். ஓர் ஏரி நிரம்பியதும் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும் இவ்வமைப்பில், எந்த நிலம் நனையும், எந்த நிலம் நனையாது என்பது ஊராருக்குத் தெரிந்த செய்தி. குடியிருக்கும் இடம் 'நத்தம்' எனவும், பாசனம் பெறும் இடம் 'நஞ்சை' எனவும் பிரித்து அறியப்பட்டது. 'தாங்கல்', 'ஏரிக்கரை' முதலிய இடப்பெயர்களும் நிலத்தின் தாழ்வை உணர்த்தி நின்றன. வீடு கட்டும் இடத்தைத் தேர்வதே முதல் முன்னேற்பாடாக இருந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வூர்கள் புறநகராயின. 1928இல் டேவிட் சவரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையும், 1931இல் கடற்கரை – தாம்பரம் இடையே ஓடத் தொடங்கிய மின்தொடர் வண்டியும், 1937இல் இங்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் தாம்பரத்தை நகரத்தோடு பிணைத்தன. விமானப்படைத் தளமும் தொழிற்சாலைகளும் பின்னர் வந்த மென்பொருள் நிறுவனங்களும் மக்களை ஈர்த்தன. நஞ்சையும் ஏரியின் நீர்ப்பரப்பு ஓரமும் மனைப்பிரிவுகளாயின. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. வெளியூரிலிருந்து வந்து மனை வாங்கியவருக்கோ வாடகைக்கு வந்தவருக்கோ கலங்கல் எத்திசையில் உள்ளது என்பது தெரியாது. நிலம் கைமாறியபோது நிலத்தைப் பற்றிய அறிவு கைமாறவில்லை.

3. இருப்பு வைத்த வீடு

பழைய வேளாண் குடும்பத்தின் வீட்டமைப்பே ஒரு முன்னேற்பாடாக இருந்தது. நெல்லைக் காக்கும் குதிர், பொருளை உயரத்தில் வைக்கும் பரண், கூரையிலிருந்து தொங்கும் உறி, உயர்த்திக் கட்டிய திண்ணை ஆகியவை அன்றாடப் பயன்பாட்டுக்கு உரியவை. ஆயின் மழைக்காலத்தில் இவையே காப்பாயின. கோடையில் இட்ட வற்றலும் வடகமும், உப்பிட்ட ஊறுகாயும், கருவாடும், புளியும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உதவின. அவலும் பொரியும் அடுப்பு எரியாத நாளுக்கு உரிய உணவு. வறட்டியும் விறகும் மழைக்கு முன் நனையாத இடத்திற்கு ஏற்றப்பட்டன. மண்ணெண்ணெய் பரவியபின் அரிக்கேன் விளக்கும் இவ்வரிசையில் சேர்ந்தது. இவ்வேலைகள் யாவும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பால் நடந்தவை. அவை 'பேரிடர் மேலாண்மை' என்ற பெயரைப் பெறாமைக்கும் அவ்வுழைப்பு கணக்கில் வராமைக்கும் தொடர்பு உண்டு.

இதனைப் பொற்காலமாகக் காண்பது பிழையாகும். குதிர் இருந்தது நிலம் உடையவர் வீட்டில். கூலிக்கு உழைத்தவர் அன்றாடம் பெற்ற கூலி நெல்லை அன்றே குற்றி உண்டார். 1876–78ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் முதலில் வீழ்ந்தவர்கள் இருப்பு வைக்க இயலாத இம்மக்களே. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச நிவாரணப் பணியாகவே வெட்டப்பட்டது. அதனை வெட்டிய கைகள் வீட்டில் தானியம் இல்லாத கைகள். எனவே முன்னேற்பாடு என்பது முற்றிலும் அறிவைச் சார்ந்தது அன்று. உடைமையைச் சார்ந்ததும் ஆகும்.

4. 1942: மூட்டை கட்டிய நகரம்

நகரக் குடும்பங்கள் பெரிய அளவில் நெருக்கடியைச் சந்தித்த ஒரு நிகழ்வு இரண்டாம் உலகப்போரின்போது நேர்ந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கப்பற்படை வங்கக்கடலில் நுழைந்து, கொழும்பையும் திருகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் தாக்கியது. சென்னையில் இன்றியமையாப் பணியில் இல்லாதோர் வெளியேற வேண்டுமென அரசு அறிவித்தது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மாறின. மக்கள் தொடர்வண்டியிலும் மாட்டுவண்டியிலும் சொந்த ஊர்களுக்குப் புறப்பட்டனர்.

அந்த வெளியேற்றத்தைத் தாங்கியது சொந்த ஊர் என்னும் ஏற்பாடு. நகரத்தில் வேலை, ஊரில் வீடும் நெல்லும் என இரண்டு கால்களில் நின்ற குடும்பங்கள் ஒரு காலை எடுத்து மறு காலில் நின்றன. போக ஊர் இல்லாதவர் நகரிலேயே தங்கினர். அஞ்சிய பேரழிவு நிகழவில்லை. போர்க்காலப் பங்கீட்டு முறை மட்டும் பின்னாளில் நியாயவிலைக் கடையாக வேரூன்றியது. வீட்டுக் குதிரின் இடத்தைப் பொதுக் கிடங்கு ஏற்ற மாற்றத்தின் தொடக்கம் இது. 2011 முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு விலையில்லா அரிசி வழங்கப்பட்டு வருகிறது. ஏழை வீட்டிலும் சில கிலோ அரிசி எப்போதும் இருக்கும் நிலையை இத்திட்டமே உருவாக்கியது.

5. அன்றாட வரவை நம்பிய வீடு

அரிசி வீட்டில் தங்கியது, ஏனையவை வெளியேறின. பால், காலையில் வரும் பாக்கெட் ஆயிற்று. குடிநீர், 20 லிட்டர் கேன் ஆயிற்று. கிணற்றின் இடத்தை ஆழ்துளைக் கிணறு பிடித்தது. மோட்டார் ஓடாவிட்டால் அதில் ஒரு சொட்டும் ஏறாது. பணம் ஏ.டி.எம். இயந்திரத்திலும், உறவினர் எண்கள் கைப்பேசியிலும் குடிபுகுந்தன. பரணும் அடுக்களை இருப்பறையும் இல்லாத ஒற்றைப் படுக்கையறை வீடுகள் பெருகின. சதுர அடிக்கு வாடகை தரும் குடும்பம் இரண்டு மூட்டைப் பொருளைச் சும்மா வைத்திருக்க இயலாது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது நீரிருப்பை வீட்டுக்கு மீட்கும் ஒரு முயற்சி. அதுவும் நிலத்தடியில் சேர்ப்பதே. எடுப்பதற்கு மீண்டும் மின்சாரம் வேண்டும்.

6. 2015: வரவு நின்ற நாள்கள்

டிசம்பர் 1 இரவு அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளத்தை மூழ்கடித்தது. பாதுகாப்புக்காக மின்சாரம் நிறுத்தப்பட்டது. அதனோடு மோட்டார், கைப்பேசிக் கோபுரம், ஏ.டி.எம். யாவும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன, சென்னை விமான நிலையம் டிசம்பர் 6 வரை மூடப்பட்டது. மறைமலைநகர் அச்சகத்திற்குப் பணியாளர் செல்ல இயலாததால் டிசம்பர் 2 அன்று 'தி இந்து' ஆங்கில நாளிதழ் அச்சாகவில்லை. 1878இல் தொடங்கிய அவ்விதழின் வரலாற்றில் இது முதல்முறை. பால் பாக்கெட்டும் குடிநீர்க் கேனும் பல மடங்கு விலைக்கு விற்றன.

இங்கு நோக்கத்தக்கது இவ்விழப்புகளின் தொடர்பு. விளக்கு, நீர், பணம், செய்தி ஆகிய நான்கும் பழைய வீட்டில் தனித்தனி ஏற்பாடுகள். ஒன்று போனாலும் மற்றவை நின்றன. புதிய வீட்டில் நான்கும் மின்சாரம் என்னும் ஒரே கயிற்றில் தொங்கின. அரிசி இருந்த வீட்டிலும் நல்ல தண்ணீர் இல்லாமையால் சோறு இல்லை.

படகில் வந்த மீனவர்களும் இராணுவத்தினரும் பேரிடர் மீட்புப் படையினரும் பலரை மீட்டனர். அதற்கு முன் காத்தது பெரும்பாலும் மாடி. தரைத்தளத்தார் முதல் தளத்தில் ஏறினர். முன்பின் பேசியிராத குடும்பங்கள் ஒரே அடுப்பில் உண்டன. எனவே அந்த இரவில் ஒரு குடும்பத்திடம் இருந்த மிகப்பெரிய இருப்பு, கதவைத் திறக்கும் மேல்வீட்டுக்காரர் எனலாம்.

7. வெள்ளத்திற்குப் பின் உருவான சிக்கன நடைமுறைகள்

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் நீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிச்சூரையும் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மீண்டும் மூழ்கடித்தது. எட்டு ஆண்டுகளில் வெள்ளம், புயல், வறட்சி, மீண்டும் வெள்ளம் எனக் கண்ட குடும்பங்கள் புதிய பழக்கங்களைக் கைக்கொண்டன. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தப்படும் கார்கள் அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை.

கண்ணுக்குத் தெரியாதவை செலவு குறைந்தவை. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், நால்வர் குடும்பத்திற்கு மூன்று நாளுக்கு 60 லிட்டர் வேண்டும். மூன்று கேன் அல்லது நான்கைந்து பிளாஸ்டிக் குடங்களில் அது அடங்கிவிடும். நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தல், 1000 லிட்டர்த் தொட்டிக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலத்தல், வயிற்றுப்போக்குக்கு ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கரைத்துக் கொடுத்தல் ஆகியவை பொதுநலத் துறையினர் நெடுங்காலமாகக் கூறிவருபவை. குடும்ப அட்டை, ஆதார், வீட்டுப் பத்திரம், சான்றிதழ்கள், மருந்துச்சீட்டு ஆகியவற்றைத் தடித்த பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரத்தில் வைத்தல், உறவினர் எண்களைத் தாளில் எழுதி வைத்தல், நீர் ஏறுமுன் மெயின் சுவிட்சையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் அணைத்தல் ஆகியவற்றுக்குச் செலவு ஏதும் இல்லை. அவல், பொட்டுக்கடலை, வெல்லம் ஆகியவை பழைய வீட்டின் இருப்பிலிருந்து புதிய வீட்டுக்குத் திரும்பி வந்தவை.

இவற்றுள் ஆவண உறை தனிக் கவனத்திற்கு உரியது. நிவாரணத் தொகை பெற அட்டை வேண்டும். அட்டை நனைந்தாலோ, வாடகை வீட்டு முகவரியில் அட்டை இல்லாவிட்டாலோ இழப்பு இரட்டிப்பாகும். முற்கால வீடு நெல்லைக் காத்தது. இக்கால வீடு முதலில் தாளைக் காக்க வேண்டியிருக்கிறது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, புறநகர்க் குடும்பங்கள் 2015இல் திகைத்தமைக்கு அறியாமையை மட்டும் காரணமாகக் கூற இயலாது. இருப்பு வைக்கும் இடமும், நிலத்தைப் பற்றிய அறிவும், தனித்தனி ஏற்பாடுகளும் ஒருசேர மறைந்தமையே அடிப்படைக் காரணம். இரண்டாவது, குறைந்த செலவில் செய்யத்தக்கவை உண்மையிலேயே பல. ஆயினும் அவை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. 60 லிட்டர் நீரை உயரத்தில் வைக்கச் சொல்வது மாடி உள்ளவருக்கு எளிய அறிவுரை. ஓர் அறையில் ஐவர் வாழும் தரைத்தள வாடகைக் குடும்பத்திற்கு அது இடமில்லாத பொருள். அவர்களுக்குரிய உயரமான இடம் பள்ளிக்கூட மாடியாகவோ சமுதாயக் கூடமாகவோ பொதுச் செலவில் அமைய வேண்டும்.

மூன்று நாள் தாங்குவது வீட்டின் கடமை எனில், நான்காம் நாள் வராமல் காப்பது ஏரியையும் கால்வாயையும் பேணுவோர் கடமை. முதலாவதை வலியுறுத்தி இரண்டாவதை மறக்கச் செய்யும் பரப்புரை வரலாற்றுக்குப் பொருந்தாது. முடிச்சூர் முதல் பள்ளிக்கரணை வரை வீட்டுச் சுவர்களில் எஞ்சியிருக்கும் வெள்ளக் கோடுகளையும், அக்கோட்டுக்கு மேல் அவ்வீட்டார் எதை எடுத்து வைத்தனர் என்ற வாய்மொழிச் செய்தியையும் தெருவாரியாகத் தொகுத்தல் உடனே செய்யவேண்டிய ஆய்வுப்பணியாகும். சுவர்களுக்குப் புதுவண்ணம் பூசப்படுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.