32 போக்ஸ் கம்பியும் ஒரு மலை இறக்கமும்

போன மாசம் ரெண்டு வாரம் எங்க வீட்டு ஹால்ல நடக்க இடமில்லை. மவுண்டன் பைக்குக்கு முன்சக்கரம் நானே கோக்கறேன்னு ரிம், ஹப், 32 போக்ஸ் கம்பி எல்லாத்தையும் பரப்பி வெச்சிருந்தேன். "கடையில குடுத்தா ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தருவான். இதுக்காடா இஞ்சினியரிங் படிக்க வெச்சேன்?"னு அப்பா கேட்டார். அப்போ பதில் இல்லை. இப்போ இருக்கு.

மாட்டு வண்டியில கீழே இருக்குற ஆரக்கால் தூண் மாதிரி பாரத்தைத் தாங்கும். மெல்லிசு கம்பியை அப்படி நிறுத்தினா வளைஞ்சிடும். நிறுத்தாம இழுத்துக் கட்டினா என்னன்னு 1808ல் யோசித்தவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேய்லி. அப்போ சைக்கிளே கிடையாது மக்களே! அவர் தேடினது பறக்கும் எந்திரத்துக்கு எடை குறைஞ்ச சக்கரம்.

1869ல் பாரிஸில் யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷமே கவென்ட்ரியில் ஜேம்ஸ் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மனும் 'ஏரியல்' சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கினாங்க. ஒரே ஒரு சிக்கல். கம்பிகள் ஹப்பிலிருந்து நேரா ரிம்முக்குப் போனா, பெடலை மிதிக்கிறப்ப ஹப் முன்னாடி திரும்பும், ரிம் பின்தங்கும். 1874ல் ஸ்டார்லி கம்பிகளைச் சாய்வா, ஒண்ணுக்கொண்ணு எதிர்த்திசையில கோத்தார். உங்க வீட்டு சைக்கிள்ல குறுக்கும் மறுக்குமா ஓடுதே, அதேதான்.

நூறு வருஷம் தள்ளி கலிஃபோர்னியாவுக்கு வாங்க. மரின் கவுண்டியில ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி மாதிரி சில பசங்க, 1930கள், 40களின் தடிச்ச டயர் ஷ்வின் சைக்கிள்களை மலைமேல ஏத்திக்கிட்டுப் போய் மண்பாதையில இறக்குவாங்க. 1976 அக்டோபர் 21ல் அதையே பந்தயமாக்கினாங்க. பெடலைப் பின்னால அழுத்துற பிரேக் சூடேறி, ஹப்புல இருக்குற கிரீஸ் புகையாப் போயிடும். திரும்பவும் கிரீஸ் அடைக்கணும். அதனால அந்தப் பாதைக்கே 'ரீபேக்'னு பேரு.

தீர்வு? டிரம் பிரேக் ஹப், கியர் ஹப். ஆனா அந்தப் பழைய 26 அங்குல இரும்பு ரிம்மோட இதையெல்லாம் சேர்த்து ரெடிமேட் சக்கரம் எங்கே கிடைக்கும்? கோத்துதான் ஆகணும். இதுக்குன்னே ஃப்ரேம் செஞ்சு ப்ரீஸ் தன் முதல் வண்டியை முடிச்சது 1977ல். ஃபிஷரும் கெல்லியும் 'மவுண்டன்பைக்ஸ்' கம்பெனி ஆரம்பிச்சது 1979ல். ஆக, இந்த வண்டி ஃபேக்டரியில பொறக்கலை. கையால கோத்த சக்கரத்துல உருண்டு வந்துச்சு.

இனி என் சோகக் கதை. டிஸ்க் பிரேக்குல பிடி விழுறது ஹப்பு மேல. நிக்க வேண்டியது ரிம். அதனால முன்சக்கரத்துக்கும் ஸ்டார்லி வழிதான். ஒவ்வொரு கம்பியும் மூணு கம்பியைக் குறுக்கா தாண்டுற மாதிரி கோத்தேன். எங்கே அறுந்துடுமோன்னு பயந்து ரொம்ப முறுக்கலை. சுத்திப் பார்த்தா நேரா ஓடுச்சு. முதல் கல்லுப் பாதை இறக்கத்துலயே ரிம் நெளிஞ்சு, நான் புதருக்குள்ள! சாஃப்ட்வேர்ல தப்புன்னா பேட்ச் விடலாம். இங்கே பல்லு போயிருக்கும்.

ஏன்னு புரிய வெச்சது, ஜாப்ஸ்ட் ப்ராண்ட்ங்கிற இஞ்சினியர் 1981ல் எழுதின 'தி பைசிக்கிள் வீல்' புத்தகம். பாரம் ஏறினா கீழ்க் கம்பிகளோட இழுவிசை குறையும். மிச்சம் இருக்குற வரைக்கும் சக்கரம் நிக்கும். முழுசா தளர்ந்தா கம்பி சும்மா தொங்கும், நிப்பிளும் கழல ஆரம்பிக்கும். நான் பயந்து விட்ட தளர்ச்சிதான் என்னைக் கவுத்தது.

புது ரிம் வாங்கி மறுபடி கோத்தேன். ஃபோர்க்குல கேபிள் டை கட்டி ஆட்டம் பார்த்து, நிப்பிளைக் கால் சுத்து கால் சுத்தா இறுக்கி, கம்பியை மீட்டி ஒரு பக்கம் பூரா ஒரே சுருதி வர்ற வரைக்கும் விடலை. போன ஞாயித்துக்கிழமை அதே இறக்கம். முழுசா வீடு வந்து சேர்ந்தேன் :-)

அப்பா சக்கரத்தை ஒரு சுத்து சுத்தி விட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பார்த்தார். "ஆடலையே"ன்னார். அது போதும்.