கார்டை மாற்றும் முன்: வீட்டில் பொருத்திய கேமிங் கணினியின் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பொருத்திய கேமிங் கணினி பழுதானால், நம் ஊரில் அதிகம் கேட்கும் பதில் ‘கிராஃபிக்ஸ் கார்ட் போயிட்டுது, மாத்தத்தான் வேணும்’ என்பது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. இறக்குமதியாகும் பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. கார்ட் ஒன்றின் விலை பல குடும்பங்களின் மாத வருமானத்தைத் தாண்டும் நாட்டில், பிழையான ஒரு கண்டுபிடிப்பு சின்ன விடயமல்ல. காணொளி தொகுப்பதும் விளையாடுவதும் எனக்கு ஒரே பெட்டியில்தான் என்பதால், இதைக் கொஞ்சம் ஒழுங்காகவே கற்றுக்கொண்டேன்.

முதலில் நோயைப் பிரித்துப் பாருங்கள். கணினி உயிரே இல்லாமல் கிடக்கிறதா? காற்றாடிகள் சுற்றியும் திரை கறுப்பாக இருக்கிறதா? அல்லது விளையாடும்போது மட்டும் தகராறா? மூன்றும் வேறு வேறு வழிகள்.

உயிரே இல்லையென்றால் பவர் சப்ளையின் பின்பக்க ஆளியில் தொடங்குங்கள். பிறகு மதர்போர்டுக்குப் போகும் 24 முள் வயரும், புரொசஸருக்கான 8 முள் வயரும் இறுகப் பொருந்தியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை சரியென்றால், பெட்டியின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் சிறிய வயரைக் கழற்றிவிட்டு, அது செருகியிருந்த இரண்டு முட்களையும் ஸ்குரூ ட்ரைவரின் நுனியால் ஒரு கணம் தொடுங்கள். கணினி எழும்பினால் பழுது பொத்தானில் மட்டுமே. (பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து கருகுவது நம் நாட்டுக்கே உரிய இன்னொரு காரணம். அதன் மூடியை மட்டும் நீங்களே கழற்ற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கும்.)

திரை கறுப்பு என்றால், மொனிட்டர் வயர் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டும். ஐ5-12400எஃப் போல பெயரின் கடைசியில் ‘எஃப்’ வரும் இன்டெல் புரொசஸர்களில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. அவற்றோடு மதர்போர்டின் துளையில் வயரைச் செருகினால் எத்தனை மணிநேரம் காத்திருந்தாலும் படம் வராது. அடுத்தது றாம். இரண்டையும் கழற்றி, தங்க நிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, ஒன்றை மட்டும் போட்டு இயக்கிப் பாருங்கள். கடலோரக் காற்றில் அந்த விளிம்பு மங்குவதுண்டு. டிடிஆர்5 றாம் போட்ட புதுக் கணினி முதல் தடவை எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கலாம், அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

விளையாடும்போது திடீரென்று அணைந்து மீண்டும் எழும்பும் கோளாறில்தான் பணம் அதிகம் வீணாகிறது. விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் ‘கேர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். அதைக் காட்டி ‘பவர் பிரச்சினை’ என்று சொல்பவர்கள் உண்டு. உண்மையில் கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் கணினி இப்படித்தான் நின்று நின்று எழும்பியது. திருத்தக் கொடுத்த கடையில் கார்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள். அக்காவின் சங்கிலியை அடகு வைப்பது வரை வீட்டில் பேச்சு போயிருந்தது. வாங்குவதற்கு முன், அதே கார்டை நண்பர் ஒருவரின் கணினியில் போட்டு இரண்டு மணிநேரம் ஓடவிட்டோம். ஒரு குறையும் இல்லை. பிறகு நண்பரின் பவர் சப்ளையை மாணவரின் கணினியில் மாட்டினோம், கோளாறு நின்றுவிட்டது. பெட்டியோடு சும்மா கிடைத்த மலிவான பவர் சப்ளை, கார்ட் ஒரு நொடிக்கும் குறைவாக இழுக்கும் உச்ச மின்வலுவைத் தாங்கவில்லை. இப்படிப் பாகங்களை இடம்மாற்றிப் பார்ப்பதை விட நம்பகமான பரிசோதனை எனக்குத் தெரியாது. ஆனால் பவர் சப்ளையை மாற்றும்போது அதற்குரிய வயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒரு கொம்பனியின் வயர் மற்றதில் பொருந்துவது போலத் தெரிந்தாலும், முட்களின் ஒழுங்கு வேறாக இருந்தால் எல்லாம் கருகிவிடும்.

யூ.பி.எஸ். வைத்திருந்தும் மின்வெட்டில் கணினி அணைகிறது என்றால், 650 வீ.ஏ. யூ.பி.எஸ். ஒன்று பெரும்பாலும் 360 வாட்ஸ் அளவுதான் தரும் என்பதை நினைவில் வையுங்கள். விளையாட்டின் நடுவே கேமிங் கணினி அதைத் தாண்டிவிடும்.

வேகம் போதவில்லை என்பது இன்னொரு முறைப்பாடு. 144 ஹேர்ட்ஸ் மொனிட்டர் வாங்கியவர்களில் சிலர் விண்டோஸ் அமைப்பில் அதை 60இலேயே விட்டிருப்பார்கள். 3200 என்று எழுதிய டிடிஆர்4 றாம், பயோஸில் எக்ஸ்.எம்.பி.யை இயக்கும் வரை 2133 அல்லது 2666 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடும். நான்கு துளை உள்ள மதர்போர்டில் இரண்டு றாம் போடுவதானால், பெரும்பாலும் புரொசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் சரியான இடம். மூன்றுக்கும் ஒரு சதம் செலவில்லை.

வெப்பநிலையை எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். இன்டெல் புரொசஸர்கள் பல 100 செல்சியஸில் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையில் அந்த எல்லை பெரும்பாலும் 95. சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் விளையாடினால், தூசி அடைத்த பெட்டி அந்த எல்லையை விரைவில் தொட்டுவிடும். புதுக் கணினியிலேயே இப்படிச் சூடேறினால் கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரித்தார்களா என்று பாருங்கள்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் புரொசஸர் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ‘வீடியோ மெமரி போதாது’ என்று சொல்லி விளையாட்டு நின்றால் கார்டைத்தான் சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் இந்த வரிசையில் அதே செய்தி பழுதான புரொசஸராலும் வந்திருக்கிறது. மிகையான மின்னழுத்தம் இதற்குக் காரணமாவதை 2024இல் இன்டெல் ஏற்றுக்கொண்டு, அந்த ஓகஸ்ட்டில் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. பயோஸைப் புதுப்பித்தால் அந்தத் திருத்தம் வந்துசேரும். ஏற்கெனவே கெட்டுப்போன புரொசஸரை அது குணப்படுத்தாது. மாற்றித்தான் எடுக்க வேண்டும். அதனால் பற்றுச்சீட்டை எறியாதீர்கள்.

உண்மையிலேயே கார்ட்தான் பழுதென்று உறுதியாகி, பாவித்த கார்ட் ஒன்றைத் தேடுகிறீர்களானால் ஒரு விடயம். 2022 செப்டெம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றியதும், அதற்காக இரவுபகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் பாவித்த சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கூடாதவை அல்ல. விற்பவரின் கணினியிலேயே அரை மணிநேரம் கனமான விளையாட்டொன்றை ஓடவிட்டு, காற்றாடியின் சத்தத்தையும் வெப்பநிலையையும் கவனியுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.